சீ என்றால் சம்மதம்

ஆகஸ்ட் 18

வகுப்பறைக் கதவில் என் பெயர்ப் பலகையை மாட்டிவிட்டார்கள். செண்பகவல்லி என்பது பலகையில் அடங்காது என்று அலுவலகத்தில் முன்பாதியை வெட்டி ‘மிஸ் வல்லி’ ஆக்கியிருக்கிறார்கள். அதையாவது பிள்ளைகள் ஒழுங்காக வாசிப்பார்கள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஸ்பானிஷில் இரண்டு ‘எல்’ சேர்ந்து வந்தால் ‘ய’ என்று படிப்பார்களாம். ‘வி’யைப் ‘பி’ மாதிரிச் சொல்வார்களாம். ஆகக்கூடி நான் மிஸ் பாயி. கோவில்பட்டியில் பதினான்கு வருஷம் ஆங்கிலம் நடத்தியவளைக் கடைசியில் பாயாகச் சுருட்டிவிட்டார்கள்.

டெக்சாஸின் வட மூலையில் ஒரு சிற்றூர். சுற்றிலும் மாட்டுப் பட்டிகள், நடுவில் பெரிய இறைச்சி ஆலை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சாணி வாடைதான். பிள்ளைகளின் அப்பா அம்மாவெல்லாம் ஆலையில் வேலை. மெக்சிகோவிலிருந்தும் ஹோண்டுராஸிலிருந்தும் புதிதாக வந்து இறங்கிய பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை முதல் எழுத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு. எனக்கு ஒரு வருஷ ஒப்பந்தம். பள்ளி நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் விசாவை நீட்டிப்பார்கள்.

இன்று ஒரு பையனிடம், இது உன் பையா என்று கேட்டேன். என்னை நேராகப் பார்த்து, “சீ” என்றான். எனக்குக் கை பரபரத்தது. பக்கத்துப் பிள்ளையிடம் உனக்குப் பசிக்கிறதா என்று கேட்டேன். அதுவும் “சீ” என்றது. உதவி ஆசிரியை ஒஃபேலியா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சீ என்றால் ஆமாம் என்று அர்த்தமாம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் நான் பிள்ளைகளுக்குச் சொன்னதையெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகள் திருப்பிக் கொடுக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26

இந்தப் பள்ளியில் பிள்ளைகளைத் தரம் பிரித்து வைப்பதில்லை. சக்கர நாற்காலியில் வருபவன், ஓரிடத்தில் உட்காராதவன், மெதுவாகப் படிப்பவள் எல்லாரும் ஒரே அறையில். நம் ஊரில் இதற்கு உள்ளடக்கிய கல்வி என்று பெயர் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியில் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது.

என் அறையில் யாரெட்சி இருக்கிறாள். ஒன்பது வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. குட்டைக் கழுத்து, எப்போதும் பாதி திறந்த வாய், இரட்டைச் சடை. மற்றவர்கள் ஒரு நாளில் பிடிப்பதை அவள் ஒரு வாரம் பிடித்துத் தொங்குவாள், ஆனால் பிடித்ததை விடமாட்டாள். ஒஃபேலியா இருப்பதே அவளுக்காகத்தான். எந்தக் காரணத்துக்காகவும் ஒஃபேலியா அவளை விட்டு நகரக்கூடாது என்று தலைமையாசிரியை மிஸஸ் விட்கம் முதல் நாளே என்னையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

வகுப்பில் ஆங்கிலம் மட்டும் என்பது விட்கம் அம்மாளின் இன்னொரு சட்டம். அதனால் ‘சீ’யை ஒழித்து ‘யெஸ்’ஸை நட வேண்டும். இவர்கள் வாயில் அது ‘ஜெஸ்’ என்று வருகிறது. ‘ஜெஸ், மிஸ் பாயி.’ யாரெட்சிக்கு அதுவும் வரவில்லை. நான் யெஸ் என்று சொல்லச் சொன்னால், ரொம்பச் சந்தோஷமாக “சீ” என்கிறாள்.

செப்டம்பர் 15

ஜெயித்துவிட்டேன். யாரெட்சிக்கு ஒரு முழு வாக்கியம் வந்துவிட்டது. “மிஸ், கென் ஐ கோ?”

படஅட்டை வைத்து, கதவைக் காட்டி, நானே எழுந்து போய்ப் போய் வந்து, மூன்று வாரம் ஆனது. பாத்ரூம் போக, தண்ணீர் குடிக்க, விளையாடப் போக, எல்லாவற்றுக்கும் அதே ஒரு வாக்கியம் போதும். கேட்டுவிட்டு என் வாயையே பார்ப்பாள். நான் யெஸ் என்று சொல்லிக் கதவுப் பக்கம் கை காட்டினால் முகம் அப்படியே மலரும். ஒஃபேலியா கையைப் பிடித்து அழைத்துப் போவாள். சில நேரம் வாசல்வரை போய்விட்டு, போக வேண்டிய தேவை எதுவும் இல்லாமல் திரும்பி வந்து உட்காருவாள். கேட்டால் கிடைக்கிறது என்பதே அவளுக்குப் போதும் போலிருக்கிறது.

ஒஃபேலியா எனக்காக வீட்டிலிருந்து பீன்ஸ் கொண்டுவந்தாள். பன்றிக் கொழுப்பு போடாமல் சமைத்தாளாம். “நீங்க ஒருத்தர் சாப்பிடறதுக்காக என் புருஷன் இன்னிக்கு என்னைத் திட்டினான் மிஸ்” என்றாள். உப்பு சரியாக இருந்தது.

அக்டோபர் 7

காற்று. ஜன்னல் இடுக்கெல்லாம் மண். சளி பிடித்திருக்கிறது. வகுப்பில் தும்மினால் பதினைந்து பேர் ஏதோ வாழ்த்துச் சொல்கிறார்கள்.

அக்டோபர் 21

நாளை காலை விட்கம் அம்மாள் என் வகுப்பைப் பார்வையிட வருகிறார். விசாவுக்கு எழுதிக் கொடுப்பது இதை வைத்துத்தான். அதனால் காலையிலிருந்தே ஒரே ஓட்டம். சுவரில் ஒட்ட வேண்டியதை ஒட்டினேன். மதியம் நாளைய தாள்களை நகல் எடுக்க ஒஃபேலியாவை அலுவலகத்துக்கு அனுப்பினேன். இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார் என்று கேட்டாள். நான் பார்க்கிறேன், சீக்கிரம் போய் வா என்றேன். நகல் இயந்திரத்தில் தாள் மாட்டிக்கொண்டதாம், வர நேரமாகிவிட்டது.

பிள்ளைகள் காகிதம் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யாரெட்சி வந்து, கென் ஐ கோ என்றாள். இப்போது வேண்டாம் என்றேன். போய் உட்கார்ந்து மறுபடி வந்தாள். மறுபடி வேண்டாம் என்றேன். நான் நாற்காலி மேல் ஏறி நின்று எழுத்துப் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை வழியும் கையோடு வந்து என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். பட்டை கிழிந்துவிட்டது. அப்போதும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவளைப் போகச் சொல்லவில்லை.

திரும்பிப் பார்க்கும்போது அவள் அறையில் இல்லை. பாத்ரூமில் இல்லை. விளையாட்டுத் திடலில் இல்லை. பக்கவாட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பள்ளி முழுக்க மணியடித்து எல்லாக் கதவையும் பூட்டினார்கள். போலீஸ் வந்தது. எனக்கு அவள் பெயர்கூட வாயில் வரவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில், மாட்டு லாரிகள் போகிற பக்கமாக ஆலையை நோக்கி நடந்துகொண்டிருந்தாளாம். அம்மாவைப் பார்க்க. ரொட்டி கொண்டுபோகும் வேன்காரர் ஒருவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி அவளைப் பிடித்து வைத்திருக்கிறார். ஒரு ஷூவைக் காணோம். பாதம் முழுக்கச் சிராய்ப்பு. குளிரில் உதடு நீலமாகிவிட்டது. உயிரோடு இருக்கிறாள். கடவுளே, உயிரோடு இருக்கிறாள்.

ஒஃபேலியா அழுதுகொண்டே அவளை மடியில் வைத்து, யார் உன்னைப் போகச் சொன்னது என்று ஸ்பானிஷில் கேட்டாள். யாரெட்சி என்னைக் கை காட்டி ஏதோ சொன்னாள். அதில் எனக்குப் புரிந்தது ‘மிஸ்’ஸும் ‘சீ’யும்தான்.

அக்டோபர் 22

பார்வையிடல் தள்ளிப்போய்விட்டது. அதற்குப் பதில் விசாரணை. விட்கம் அம்மாள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

“மிஸ் சீ சொன்னாங்கன்னு அந்தப் பொண்ணு திரும்பத் திரும்பச் சொல்றா. உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமா?”

“ஒரு வார்த்தைகூடத் தெரியாது.”

“அதான் நானும் நினைச்சேன்” என்று எழுதிக்கொண்டார். பிறகு, ஒஃபேலியாவை நகல் எடுக்க நான் அனுப்பினேனா என்று கேட்டார். நேற்று இருந்த அவசரத்தில் எதுவும் சரியாக நினைவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, யார் அனுப்பினாலும் அவள் போயிருக்கக்கூடாது என்றார். அது உண்மைதான். சட்டம் அப்படித்தானே இருக்கிறது.

ஒஃபேலியாவைச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யாரெட்சி விஷயத்தில் அடுத்த மாதம் ஆறாம் தேதி அவள் அம்மாவை வைத்துக் கூட்டம். நடந்ததையும் நடக்காததையும் பிரித்துச் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பொது வகுப்பில் வைத்திருப்பது ஆபத்து, பெரிய ஊரில் இருக்கும் தனி மையத்துக்கு அனுப்பிவிடலாம் என்று விட்கம் அம்மாள் நினைக்கிறார். பஸ்ஸில் போக மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கே எல்லாரும் இவளைப் போன்ற பிள்ளைகளாம். ஆங்கிலம் கிடையாது. துணி மடிக்கவும் கரண்டி பிடிக்கவும் கற்றுக்கொடுப்பார்களாம்.

“அவளுக்கும் அதுதான் நல்லது” என்றார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அக்டோபர் 24

ஊரிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். கோவில்பட்டியில் மழையாம், மோட்டார் ரூமுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். பிறகுதான் நடந்ததைச் சொன்னேன்.

“பிள்ள கெடச்சிட்டுல்லா? பெறகென்ன? நீ கம்முனு இரி வல்லி. விசா நீட்டுத நேரத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசி வைக்காத.”

“ஒண்ணு கேக்கேன், நெசத்தச் சொல்லுங்க. எரிச்சல் வந்தா நான் சீன்னா சொல்லுதேன்?”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “இது என்ன புதுசா கேக்க? நீ சொல்லாத நாளு உண்டா? நம்ம பயலுக்குப் பேரே அதுதான்னு எங்கக்கா சொல்லிச் சிரிப்பால்லா?”

நான் போனை வைத்துவிட்டேன். தண்ணீர் என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை.

அக்டோபர் 25

சொன்னேன். சீ என்றுதான் சொன்னேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். துப்பட்டாவில் பசைக் கறை போகவில்லை.

எங்கள் பக்கத்திலேயே சிலர் அழுத்திச் ‘ச்சீ’ என்பார்கள். நான் அப்படிச் சொல்கிறவள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ‘சீ’ என்று இழுப்பேன், கூடவே புறங்கையால் அந்தப் பக்கம் போ என்று ஒரு தள்ளு. அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். நாற்காலி மேலிருந்து செய்ததால் கை கதவுப் பக்கம் போயிருக்கும். அவள் கேட்டது, கென் ஐ கோ. கிடைத்த பதில், சீ. கூடவே கை கதவைக் காட்டியது. நான் மூன்று வாரம் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒரு பிசகில்லாமல் செய்திருக்கிறாள்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? தமிழில் இப்படி ஒரு சொல் இருக்கிறது என்பதே இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்காதவரை தெரியவும் தெரியாது. இதை எழுதும்போது கொஞ்சம் நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அக்டோபர் 29

யாரெட்சியை என் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலில் கட்டு. அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிறாள். ஒஃபேலியாவின் காலி நாற்காலியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

இப்போது அவள் எதையும் கேட்பதில்லை. இன்று மதியம் பாவாடை நனைந்து, நாற்காலியிலிருந்து சொட்டியது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அழைத்துப் போய்க் கழுவி, காணாமல்போன துணிகள் கிடக்கும் பெட்டியிலிருந்து ஒரு கால்சட்டையை எடுத்து மாட்டிவிட்டேன். “என்கிட்டே கேக்கணும்ல யாரெட்சி, கென் ஐ கோன்னு கேளு” என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை அசைத்தாள். கேட்டதற்குத்தானே அவளை அத்தனை பேரும் பிடித்துக் கத்தினார்கள்.

விட்கம் அம்மாளிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் குறித்துக்கொண்டு, “பாருங்க, பொது வகுப்பு அவளுக்குத் தாங்கலை” என்றார்.

நவம்பர் 1

மளிகைக் கடையில் ஒஃபேலியா. தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அவளே வந்தாள்.

“நீங்கதானே மிஸ் என்னை அனுப்பினீங்க?”

“ஆமா.”

“நினைவில்லைன்னு சொன்னீங்களாம்.”

நான் முட்டைக்கோஸ் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சத்தம் போடவில்லை. “எனக்கு வேற வேலை கிடைக்கும் மிஸ். ஆலையில எப்பவும் ஆள் எடுப்பாங்க. அந்தப் பிள்ளை பொய் சொல்றான்னு எழுதிட்டாங்களே, அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல. போன வகுப்புலேர்ந்து ஏழு மாசமா நான் பாக்கறேன், ஒரு பொய் சொன்னதில்ல” என்றாள்.

சொல்லிவிட்டு என் வண்டியைப் பார்த்து, இந்தக் கடையில் பருப்பு விலை ஜாஸ்தி, எதிர்க் கடையில் வாங்குங்கள் என்றாள்.

நவம்பர் 5

நாளை கூட்டம். வீட்டுக்காரரிடம் மறுபடி பேசினேன். சொல்லப் போகிறேன் என்றேன். “உம்பாடு, நான் என்னத்தச் சொல்ல” என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 6

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

கூட்டத்தில் விட்கம் அம்மாள், மாவட்டத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி, நான், யாரெட்சியின் அம்மா நெரேய்டா. நெரேய்டா ஆலையிலிருந்து நேராக வந்திருந்தாள். நெற்றியில் வலைத்தொப்பி அழுத்திய கோடு. கையில் பிளீச்சிங் வாடை. என்னைவிட வயதில் சின்னவள். பேசிப் புரியவைக்க ஒஃபேலியா இல்லாததால் மேஜை நடுவில் ஒரு போனை வைத்தார்கள். எங்கேயோ இருக்கும் ஒரு பெண் குரல் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கும்.

விட்கம் அம்மாள் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். யாரெட்சி நல்ல பிள்ளை, எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் நடக்காததை நடந்ததாகச் சொல்கிறாள், ஸ்பானிஷே தெரியாத ஆசிரியை சீ என்று சொன்னதாகச் சொல்கிறாள், இப்படி இருக்கும்போது எப்படி நம்பி அவளை வைத்திருப்பது? போன் அதை ஸ்பானிஷில் சொல்லி முடித்தது. நெரேய்டா போனைப் பார்த்துப் பேசினாள். போன் சொன்னது:

“என் பொண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன். டாக்டர்கிட்ட போய், இவ தேறிட்டான்னு சொல்லியிருப்பேன்.”

அதிகாரி தாளைத் திருப்பினார். இனிமேலும் பொறுக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

“அவ சொன்னது உண்மை. நான் சீன்னு சொன்னேன்” என்றேன். “ஸ்பானிஷ்ல இல்ல. என் மொழியில அப்படி ஒரு வார்த்தை இருக்கு. தெரியாம வந்துடுச்சு. அவ ஆமாம்னு எடுத்துக்கிட்டா. ஒஃபேலியாவை அனுப்பினதும் நான்தான். நினைவில்லைன்னு சொன்னது பொய்.”

விட்கம் அம்மாளின் பேனா நின்றது. பிறகு நடந்தது நான் எதிர்பார்க்காதது. அதிகாரி சிரித்துவிட்டார். “ஒரே சத்தம், ரெண்டு மொழியா!” என்று மேஜையைத் தட்டினார். விட்கம் அம்மாளுக்கும் முகம் தெளிந்தது. அப்படியானால் பிள்ளை சொன்னது சரி, அனுமதி கேட்டுத்தான் வெளியே போயிருக்கிறாள், மையத்துக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை, ஒஃபேலியாவையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வேகவேகமாகச் சொன்னார். என்னிடம் பிறகு தனியாகப் பேச வேண்டும் என்றார். பேசட்டும். எனக்கு அந்த நிமிஷத்தில் மூச்சு லேசாக வந்தது. பிள்ளை வகுப்பில் இருப்பாள். அவ்வளவுதானே வேண்டும்.

போன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. கேட்கக் கேட்க நெரேய்டாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, போனைப் பார்க்காமல் என்னையே பார்த்து, நீளமாக ஏதோ சொன்னாள்.

“அன்னிக்கு ராத்திரி காலுக்கு மருந்து போடும்போது என் பொண்ணு சொன்னா, மிஸ் நம்ம பாஷையில பேசினாங்கன்னு. வலியையே மறந்து அதைத்தான் சொல்லிட்டிருந்தா. மிஸ்ஸுக்கு நம்ம பாஷை வந்துடுச்சு, இனிமே எல்லாம் நம்ம பாஷையிலேயே பேசுவாங்கன்னு சொன்னா. அவ கற்பனை பண்றான்னு நானும் நினைச்சேன். அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். உங்க பாஷையில அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? அவகிட்ட சொல்றேன்.”

மூன்று பேரும் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

பொறு என்று அர்த்தம் எனலாம். இரு, வருகிறேன் என்று அர்த்தம் எனலாம். இந்த ஊரில் யார் போய் அகராதியைப் புரட்டப் போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தப் பெண் இப்போதுதான் தன் மகளை நம்பாமல் போனதற்காகக் கண்ணைத் துடைத்திருக்கிறாள். அவளிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நல்ல வார்த்தை இல்ல” என்றேன். “எரிச்சல் வந்தா சொல்றது. கிட்ட வராதேன்னு. அருவருப்பான எதையாவது பாத்தாலும் சொல்வோம். நாய் வந்து மேலே விழுந்தா, சொல்லி...” ஆங்கிலத்தில் எனக்கு அதற்கு மேல் சொல் கிடைக்கவில்லை. கை தானாகவே எழுந்து அந்தப் புறங்கைத் தள்ளலைச் செய்து காட்டிவிட்டது.

“அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்ல முடியுமா?” என்றது போன். போனில் இருந்தவளுக்கு என் கை தெரியாதே.

நெரேய்டா பார்த்துவிட்டாள். போன் மொழிபெயர்க்க ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். பிறகு தணிந்த குரலில் ஒன்று சொன்னாள். போன் சொன்னது: “வேண்டாம். எனக்கு அந்தக் கையைத் தெரியும். ஆலையில எங்க சூப்பர்வைசர் தினமும் எங்களுக்குக் காட்டற கைதான்.”

விட்கம் அம்மாள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். தவறுதலாக நடந்தது, மிஸ் வல்லி வருத்தப்படுகிறார், பிள்ளை இங்கேயே இருக்கலாம், இருக்க அவளுக்கு உரிமை உண்டு. நெரேய்டா கேட்டுக்கொண்டாள். அந்த மையம் எவ்வளவு தூரம் என்று மட்டும் திரும்பக் கேட்டாள். சொன்னார்கள்.

“தூரம்தான். பரவாயில்லை” என்றது போன்.

நவம்பர் 9

கூட்டத்தில் நடந்ததை வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“நெசத்தச் சொன்ன, சரி. அர்த்தத்த எதுக்குச் சொன்ன? பொறுன்னு அர்த்தம்னு சொல்லியிருந்தா அந்தப் பிள்ள அங்கனயே இருந்திருக்கும்லா? நீ ஒம் மனசாட்சியப் பாத்த, பிள்ளையப் பாத்தியா?”

மூன்று நாளாக என்னை நானே கேட்டுக்கொண்டிருப்பதும் இதுதான். பொய் சொல்லியிருந்தால் யாரெட்சி வருஷம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து படஅட்டை அடுக்குவாள். அவள் அம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் தினமும் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். எதற்குப் பயந்து உண்மையைச் சொன்னேன் என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

நவம்பர் 12

ஒஃபேலியா வேலைக்குத் திரும்பிவிட்டாள். வணக்கம் சொல்கிறாள். பீன்ஸ் கொண்டுவருவதில்லை.

மே மாதம்வரை நான் இருக்கலாம், அதற்கு மேல் எழுதிக் கொடுக்க முடியாது என்று விட்கம் அம்மாள் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, நீங்கள் நல்ல ஆசிரியை என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 14

யாரெட்சிக்கு இங்கே கடைசி நாள். அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. புது ஷூ போட்டு வந்திருந்தாள், ஒவ்வொருவரிடமும் போய்க் காலைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளைகள் அவளுக்கு வாழ்த்து அட்டை செய்தார்கள். பாதிப் பேர் அதில் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆங்கில வாழ்த்து அது ஒன்றுதான். நான் திருத்தவில்லை.

பள்ளி விட்டதும் நெரேய்டா வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள். ஒஃபேலியா பையையும் குளிர்ச் சட்டையையும் எடுத்துப் போய் அவளிடம் கொடுத்தாள். இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நெரேய்டா என்னைப் பார்க்கவில்லை. அவளிடம் சொல்ல ஒஃபேலியாவிடம் கேட்டு ஸ்பானிஷில் ஒரு மன்னிப்பு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல், மேஜையில் கிடந்த படஅட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

யாரெட்சி வாசலுக்குப் போனவள் பாதியில் திரும்பி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முகத்தை என் வயிற்றில் அழுத்திக்கொண்டு, தன் மொழியில் என்னிடம் வளவளவென்று பேச ஆரம்பித்தாள். நான் எல்லாவற்றையும் புரிந்துகொள்வேன் என்று நம்பித்தான் பேசினாள். ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. இடையிடையே அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள், பதிலுக்கு. நான் தலையை ஆட்டினேன். அது அவளுக்குப் போதுமாக இருந்தது, இன்னும் பேசினாள்.

அவள் தலையைத் தடவ நினைத்தேன். அவள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை அவள் மேல் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

வெளியே நெரேய்டாவை ஏற்றிப்போக வந்தவர் ஹார்ன் அடித்தார். நான்தான் அவளைப் போகச் சொல்ல வேண்டும். எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். போ என்று சொல்ல என்னால் முடியவில்லை. கடைசியில் நெரேய்டாவே உள்ளே வந்து, என் இடுப்பிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அழைத்துப் போனாள்.